சிரிப்பும் சுளிப்பும்

சென்ற வருஷம் ஆறு மாதம்போல, வங்கி வேலை போக மிஞ்சிய நேரத்தில் நான் ஹாஸ்யத் துணுக்குகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். மதிப்புரை என்ற பெயரில் கவிதைத் தொகுதிகளுக்கு நான் பல வருஷமாகச் செய்துவருவதும் இதேதான் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் தங்கை உளவியலில் ஆராய்ச்சி மாணவி. தமிழ் பேசுகிறவர்களின் ஹாஸ்ய ரசனையை அளப்பதற்கு ஒரு பரீட்சை உருவாக்குவது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். ஹாஸ்யத்தை உண்டாக்கும் திறமை வேறு, அதை ரசிக்கும் பாங்கு வேறு. அவளுக்கு வேண்டியது இரண்டாவது. ஒருநாள் இரவு போனில், "அண்ணா, உனக்கு இங்கிலீஷும் வரும், தமிழும் வரும், வேலையும் அவ்வளவா கிடையாது. ஜோக்கெல்லாம் சேத்து எழுதிக் குடேன்" என்றாள். மூன்றாவது தகுதியை மட்டும் நான் மறுத்தேன். முதல் இரண்டையும் மறுத்திருக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலத்தில் நான் கற்ற உளவியல், ஃப்ராய்டின் பெயரைப் பிழையில்லாமல் உச்சரிப்பதோடு நின்றுபோன ஒன்று.

ஆரம்பத்தில் எனக்கு இந்தக் காரியத்தில் நம்பிக்கை இல்லை என்பதைவிட, இளக்காரம் இருந்தது என்பதே சரி. ரசனையைப் போய் அளப்பதாவது என்று தோன்றிற்று. ஆனால் ரசனையில் மேல் கீழ் உண்டு என்ற அனுமானம் இல்லாமல் நான் ஒரு மதிப்புரைகூட எழுதியதில்லை. கோலைக் காட்டாமல் அளப்பது என் வழக்கம். தங்கை காட்டிவிட்டு அளக்கப்போகிறாள். யோசித்துப் பார்த்தபோது யோக்கியமான காரியம் அவளுடையதாகப் பட்டது.

தனக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று ஒப்புக்கொள்கிற மனிதனைக் காண்பது அரிது. கேட்கப்பட்டவர்களில் 94 சதவீதம் பேர் தங்களுடைய ஹாஸ்ய உணர்வு சராசரி அல்லது அதற்கும் மேல் என்று சொன்னதாக கார்டன் ஆல்போர்ட் 1961ல் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே ஆளைப் பார்த்துக் கேட்டுப் பிரயோஜனமில்லை. துணுக்கை முன்னால் வைத்து அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். இந்த முயற்சிக்குச் சற்று நீண்ட சரித்திரமே இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வெளியேறி லண்டனுக்கு வந்துவிட்ட ஹான்ஸ் ஐசெங்க், 1942ல், யுத்தத்தின் நடுவே, துணுக்குகளையும் கேலிச்சித்திரங்களையும் ஆட்களிடம் கொடுத்துத் தரவரிசைப்படுத்தச் சொல்லி ஆராய்ந்துகொண்டிருந்தார். யுத்த காலத்தில் ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பதே எனக்குப் பிடித்திருந்தது. 1947ல் ரேமண்ட் கேட்டலும் லுபோர்ஸ்கியும் நூறு துணுக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் எதற்குச் சிரிக்கிறானோ அதில் அவனுடைய அடக்கப்பட்ட இச்சை இருக்கிறது, துணுக்கைக் கொண்டே அவன் சுபாவத்தைத் திறந்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். இதிலிருந்து பிற்பாடு ஒரு பரீட்சை அச்சாகி விற்பனைக்கும் வந்தது. துணுக்குகளை ஜோடி ஜோடியாகக் கொடுத்து, இரண்டில் எது அதிகச் சிரிப்பு என்று கேட்பார்கள். ஆனால் அதில் வந்த குணாம்சங்கள் நம்பும்படி உறுதியாக நிற்கவில்லை. 1951ல் ரெட்லிக், லெவின், சோலர் என்ற மூவர் கேலிச்சித்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பார்ப்பவன் முகத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவனையே பிடித்தது, பிடிக்காதது, இரண்டும் இல்லாதது என்று மூன்று கட்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு சித்திரத்துக்கு ஒருவன் சிரிக்கவில்லை என்றால், அது அவனைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டிருக்கலாம் என்பது அவர்கள் பார்வை. ஃப்ராய்ட் 1905ல் ஹாஸ்யத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் நிழல் இவர்கள் எல்லோர் மேலும் விழுந்திருக்கிறது.

என் தங்கை பின்பற்றியது இவர்களில் யாரையும் அல்ல. வில்லிபால்ட் ரூஹ் என்ற ஆஸ்திரியரை. 1980களில் அவர் ஜெர்மன் மொழியில் உருவாக்கிய பரீட்சைக்கு '3 டபிள்யூ டி' என்று பெயர். ஹாஸ்யத்தின் மூன்று பரிமாணங்கள் என்று அர்த்தம். அதன் ஒரு வடிவத்தில் 35 துணுக்குகளும் சித்திரங்களும். முதல் ஐந்து கணக்கில் சேராது. ஆளைச் சூடேற்றிக்கொள்ள மட்டும். (கவியரங்குகளில் முதல் ஐந்து கவிஞர்களுக்கும் இந்தச் சலுகையை வழங்கலாம்.)

இந்த மனிதர் செய்தது எனக்குச் சுவாரஸ்யமாக இருந்ததற்குக் காரணம் வேறு. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் துணுக்குகளைப் பொருள் வாரியாகப் பிரித்தார்கள்: மாமியார், குடிகாரன், டாக்டர், பேதை என்று. ரூஹ் தாமாகப் பிரிக்கவில்லை. ஏராளமான துணுக்குகளை ஏராளமான பேரிடம் கொடுத்து, எந்தெந்தத் துணுக்குகள் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழ்கின்றன என்று பார்த்தார். காரணி ஆய்வு என்று இதற்குப் பெயர். வங்கிக்காரனுக்கு இது புரியாத சங்கதி அல்ல. எந்தெந்தக் கணக்குகளில் மாதாமாதம் ஒரே தேதியில் பணம் ஏறுகிறது என்று பார்த்தால், ஆட்களைத் தெரியாமலே அவர்கள் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று சொல்லிவிடலாம். இப்படிப் பார்த்தபோது மாமியாரும் குடிகாரனும் டாக்டரும் கலைந்துபோனார்கள். துணுக்குகள் தங்கள் அமைப்பைக் கொண்டே இரண்டு கூட்டமாக நின்றன. ஒன்று, முரணைக் காட்டிவிட்டுக் கடைசி வரியில் அதைச் சுத்தமாக அவிழ்த்துவிடும் வகை. மற்றது, முரணை அவிழ்க்காமலோ, பாதி அவிழ்த்ததுபோல் பாவனை செய்துவிட்டுப் புதிய அபத்தம் ஒன்றை விட்டுவிட்டோ போகும் வகை. பொருளால் தனியாக நின்ற கூட்டம் ஒன்றே ஒன்று, பாலியல். அதுவும் அமைப்பின் பிடியிலிருந்து முழுக்கத் தப்பவில்லை.

உருவம், உள்ளடக்கம் என்று நாம் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எத்தனை பக்கங்களை, எத்தனை நட்புகளைச் செலவழித்திருக்கிறோம்! அங்கே ஒருவர் துணுக்குகளையும் பெருக்கல் கணக்கையும் வைத்துக்கொண்டு, மனிதர்கள் தங்களுக்குத் தெரியாமலே உருவத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். இதை நான் ஒரு மார்க்ஸிய நண்பரிடம் சொன்னேன். "எந்த வர்க்கத்துக்காரர்களிடம் கேட்டார்?" என்றார். நியாயமான கேள்விதான்.

இன்னொன்றும் உண்டு. அவிழ்கிற வகையை விரும்புகிறவர்கள் பொதுவாகப் பழமையில் பிடிப்புள்ளவர்கள். நிச்சயமற்ற எதையும் சகிக்காதவர்கள். அபத்த வகையை விரும்புகிறவர்கள் புது அனுபவங்களைத் தேடிப் போகிறவர்கள். 1990ல் ரூஹும் சகாக்களும் 14 வயதிலிருந்து 66 வயது வரையிலான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களை வைத்து வெளியிட்ட ஆராய்ச்சியில், வயது ஏற ஏற முதல் வகையின்மேல் பிரியம் கூடுவதாகவும் அபத்தத்தின்மேல் குறைவதாகவும் கண்டார்கள். நம் வாரப் பத்திரிகைத் துணுக்குகள் அனேகமாக எல்லாமே முடிச்சும் அவிழ்ப்பும்தான். அவற்றில் வரும் சிறுகதைகளைப் போலவே. நான் அபத்தத்தின் கட்சிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கையின் பரீட்சையை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை எழுதியபோது, இரண்டாவது தடவையில் அவிழ்கிற துணுக்குகளுக்கு அதிகம் போட்டிருந்தேன். எனக்கு முப்பத்தேழு வயது. இதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

தமிழில் துணுக்குகள் சேர்க்கும் வேலைக்கு வருகிறேன். நூற்றைம்பதுக்கு மேல் சேர்த்தோம். கழித்ததுதான் பெரிய வேலை. ஒரு சினிமா நடிகரின் குரல் காதில் கேட்டால்தான் சிரிப்பு வரும் என்கிற துணுக்குகளை எடுத்துவிட்டோம். படிக்கிறவன் துணுக்குக்கு அல்ல, வடிவேலுவுக்குச் சிரிக்கிறான். சிலேடைகளில் பெரும்பாலானவை போயின, படித்தவனுக்கு மட்டும் சலுகை காட்டுவதால். சாதிப் பெயர் வருபவை போயின. பாலியல் துணுக்குகளைக் கமிட்டி ஒரேயடியாக நீக்கச் சொல்லிவிட்டது. ஆக மூன்று பரிமாணங்களில் ஒன்று கையெழுத்துக்குப் போன இடத்திலேயே காலி. அபத்த வகையில் தமிழில் அச்சானது குறைவு. குழந்தைகள் சொல்வதிலிருந்தும் பஸ் ஸ்டாண்டுகளில் கேட்டதிலிருந்தும் சிலவற்றை எடுத்து எழுதினேன். கல்லூரி மாணவர்கள் அவற்றின் பக்கத்தில் "அச்சுப்பிழை?" என்று எழுதித் தந்தார்கள். அதே தாள்களைக் கவிஞர்களான என் நண்பர்கள் இரண்டு பேரிடம் கொடுத்தேன். அபத்தத்துக்கெல்லாம் முழு மார்க். மற்றதற்கெல்லாம் பூஜ்யம் போட்டு, ஒருவர் "கமர்ஷியல்" என்றும் எழுதியிருந்தார். அந்த இரண்டு தாள்களையும் தங்கை பயன்படுத்தவில்லை.

ஒரு துணுக்கை அறுபதாவது தடவை படிக்கும்போது என்ன ஆகிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முதலில் சிரிப்பு போகிறது. பிறகு அதில் வரும் ஆட்கள் தெரிய ஆரம்பிக்கிறார்கள். டாக்டரிடம் வந்த நோயாளிக்கு உண்மையிலேயே என்ன வியாதி என்று யோசிக்கத் தோன்றுகிறது. 1900ல் பெர்க்ஸன் சிரிப்பைப் பற்றி எழுதியபோது, இருதயம் சற்று நேரம் மரத்துப்போனால்தான் சிரிப்பு சாத்தியம் என்ற பொருளில் சொன்னார். அறுபதாவது வாசிப்பில் மரப்பு தெளிந்துவிடுகிறது. பரீட்சை எழுதுகிறவன் ஒரு தடவைதான் படிக்கப்போகிறான் என்பதால் உளவியலுக்கு இது ஒரு பிரச்னை அல்ல.

ரூஹின் பரீட்சையில் ஒவ்வொரு துணுக்குக்கும் இரண்டு அளவுகள் உண்டு; இரண்டும் 0 முதல் 6 வரை. எவ்வளவு சிரிப்பாக இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு வேண்டாததாக, உவப்பற்றதாக இருக்கிறது என்பது மற்றது. முதலில் இது எனக்கு விரயமாகத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு கோடு போதாதா? "ரெண்டும் ஒரே கோட்டோட ரெண்டு முனை இல்லை அண்ணா. ஒரு ஜோக் உன்னை ஒண்ணுமே பண்ணாமப் போகலாம். அது வேற, உனக்குக் கோவம் வர்றது வேற" என்றாள். எனக்கு வாதம் புரிந்தது; விஷயம் பிடிபடவில்லை. இரண்டாவது அளவுக்குத் தமிழில் பெயர் வைப்பதிலேயே இரண்டு வாரம் போயிற்று. வெறுப்பு அதிகம். அருவருப்பு என்றால் உடனே சாக்கடை ஞாபகம் வருகிறது. ஒவ்வாமை என்றால் தோல் டாக்டர். கடைசியில் முகச்சுளிப்பு என்று வைத்தோம். தாளில் இரண்டு கட்டங்கள்: சிரிப்பு, சுளிப்பு.

வழிகாட்டி, ஆய்வேட்டில் நம் மரபைப் பற்றியும் ஒரு அத்தியாயம் வேண்டும் என்றார். அதையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. பொருளைக் கொண்டு பிரித்திருப்பதால் ரூஹின் கணக்கில் இது நிற்காது என்று அத்தியாயத்தில் குறிப்பிட்டேன். சற்றுத் திமிரோடுதான். பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இரண்டாகப் பிரிப்பதையும் குறித்திருந்தேன்: தான் பிறரை எள்ளுவது, பிறரால் தான் எள்ளப்படுவது. இரண்டிலும் நகை பிறக்கும் என்பது அவர் கணக்கு. உரையாசிரியர்கள் எதையும் இரண்டால் பெருக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதிப் போனேன்.

கல்லூரிகளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் வேண்டியிருந்தது. எங்கள் கிளையில் பதினோரு பேர். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம். பூர்த்தி செய்து, மூலையில் கிடக்கும் பழைய செக் டிராப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மேனேஜர் உட்பட எல்லோரும் எழுதினார்கள்.

அந்தத் தாளில் 23வது துணுக்கு இது: வங்கிக் கவுன்டரில் திக்குவாய்க் கேஷியர், "ப... பத்து... பத்தாயிரம்தான்" என்றார். வாடிக்கையாளர் கையை நீட்டினார்: "ரெண்டு பத்தா? அப்ப இருபதா எண்ணுங்க."

இது நான் இயற்றியது அல்ல. எங்கள் கிளையில் நடந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அடுத்த நாள் ஒருநாள் மூடிவிட்டு, 10ந் தேதி வங்கிகள் திறந்தன. அந்த வாரம் சனி, ஞாயிறுகூட விடுமுறை இல்லை. கவுன்டரில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம், வாரத்துக்கு இருபதாயிரம் என்று வரம்பு. எங்கள் ஹெட் கேஷியருக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். பகரமும் நகரமும் அவருக்கு எதிரிகள். சாதாரண நாளில் கேஷியருக்குப் பேச்சு அதிகம் தேவையில்லை. நோட்டு எண்ணும்போது பேனாவைப் பல்லில் கடித்துக்கொள்வார். யாராவது பேச்சுக் கொடுத்தால் அது ஒரு சாக்கு. (பேனாவைப் பல்லில் கடித்தால் முகம் சிரிப்பின் வடிவத்துக்கு வந்து கேலிச்சித்திரங்கள் கூடுதலாகச் சிரிப்பு மூட்டும் என்று 1988ல் ஒரு பரிசோதனை பிரசித்தமாயிற்று. 2016ல் பதினேழு பரிசோதனைக் கூடங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.) ஆனால் அந்த வாரம் அவர் நாளெல்லாம், வந்தவர்களிடமெல்லாம், "பத்தாயிரம்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கிழவர் மேற்படி பதிலைச் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் பக்கத்துக் கவுன்டரில் இருந்தேன். எனக்கு அப்போது மூன்று வருஷ சர்வீஸ். நானும் சிரித்தேன். கேஷியர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அடுத்த வருஷம் மேனேஜரின் பிரிவுபசாரக் கூட்டத்தில் இதை மேனேஜரே மேடையில் நடித்துக் காட்டினார். அப்போதும் கேஷியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டால் எந்த மனிதனும் துணுக்கில் அடங்கிவிடுகிறான்.

தாளைக் கொடுக்கும்போது அவரைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

தங்கை பதினோரு தாள்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, படங்களோடு எனக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னாள். வங்கியில் ஒருவர் பதிந்ததை வேறொருவர் பார்த்து அங்கீகரிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கத்தில் நான் இதை ஒழுங்காகச் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். ஏழாவது தாளில் ஏகப்பட்ட பூஜ்யங்கள் பதிவாகியிருந்தன. தாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் கேஷியர் 6 போட்டால் வால் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆடிட்டில் ஒரு தடவை இதற்காக அவர் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருக்கிறார். அவருடைய பூஜ்யம் கோட்டின்மேல் கடுகு மாதிரிச் சின்னதாக உட்கார்ந்திருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் அவர் எழுதிய நோட்டு விவரச் சீட்டுகளோடு பழகிய கண் எனக்கு. ஒன்பது இடங்களில் 0 என்று பதிந்திருந்ததை 6 என்று திருத்தினேன்.

23வது துணுக்கில் தங்கை பதிந்திருந்தது சிரிப்பு 0, சுளிப்பு 0. அந்தத் துணுக்கு இந்த மனிதரை ஒன்றுமே செய்யவில்லை என்று பொருள். தாளில் இருந்தது 6, 6.

கட்டங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போட்டிருப்பாரோ என்று மற்ற துணுக்குகளைப் பார்த்தேன். இல்லை. சிரிப்பு 6 போட்ட இடங்களில் சுளிப்பு 0. சுளிப்பு 5 போட்ட ஓரிடத்தில் சிரிப்பு 1. கவனமாக, பணம் எண்ணுகிற மாதிரியே, எண்ணிப் போட்டிருந்தார். இரண்டு கட்டத்திலும் உச்ச அளவு இருந்தது அந்த ஒன்றில்தான். தங்கை போனில் சொன்னபோது எனக்குப் பிடிபடாத விஷயம் வேறொருவரின் கையெழுத்தில் என் முன்னால் கிடந்தது.

இங்கே ஒரு சொந்த விவகாரத்தைச் சொல்ல வேண்டும். எட்டு வருஷங்களுக்கு முன், ஒருவருடைய முதல் கவிதைத் தொகுதிக்கு நான் ஒரு மதிப்புரை எழுதினேன். அதில் அவருடைய படிமங்களை வங்கி லெட்ஜர் பாஷையில் வரவு செலவு வைத்து, கடைசியில் வாராக் கடன் என்று முடித்திருந்தேன். நம் வட்டத்தில் அது வெகுவாக ரசிக்கப்பட்டது. பல பேர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷப் புத்தகக் கண்காட்சியில் அந்தக் கவிஞரைச் சந்தித்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்சுட்டு ரொம்ப சிரிச்சேன் சார்" என்றார். பெருந்தன்மையான மனிதர் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவருடைய கவிதை எதையும் நான் எங்கும் பார்க்கவில்லை. நான் கேட்டது ஒரு கட்டத்தின் எண் மட்டும். மற்றக் கட்டம் இருந்ததாகவே எனக்குத் தோன்றியதில்லை. அந்தத் தொகுதியை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். கவிதைகள் சுமார்தான், என் அபிப்பிராயம் மாறவில்லை. லெட்ஜர் இல்லாமலும் அதைச் சொல்லியிருக்கலாம்.

தங்கையிடம் 23ஐ எடுத்துவிடலாம் என்றேன். "ஏன்? எல்லாருக்கும் சிரிப்பு வந்திருக்கே. நல்ல ஐட்டம் அண்ணா" என்றாள். ஏழாவது தாள் யாருடையது என்று அவளிடம் சொல்லக் கூடாது. பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, எண்ணின் வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்ததே தவறு. காரணம் சொல்ல முடியாமல் விழித்தேன்.

கேஷியரிடம் நானாகப் பேச்சை எடுக்கப் பத்து நாள் ஆயிற்று. மாலையில் கேஷ் டேலி ஆகி, பெட்டியைப் பூட்டப் போகிற சமயம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், அந்தப் பேப்பர்ல ஒண்ணு உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கும். நான் யோசிக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்கணும்" என்றேன். பேனாவைப் பல்லிலிருந்து எடுத்தார். சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"என்னைக் கிண்டல் பண்றது எனக்குப் ப... பழக்கம் தம்பி. அதுக்கில்லை. அவர் ஜோக்கடிக்கலை."

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் பெரியவர். அவருக்கு நெஜமாவே இருபது வேணும். பொண்ணை ஆஸ்பத்திரியில சேத்திருந்தார். ந... நான் ரெண்டு தடவை பத்துன்னதும், ரெண்டு பத்து தரப்போறேன்னு நெனச்சுக் கையை நீட்டிட்டார். ந... ந... நாளைக்கு வாங்க, மிச்சத்தைத் தரேன்னு சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரலை. அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிட்டீங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவர் ப... பத்தை வாங்கிக்கிட்டுப் போயிட்டார்."

"மறுநாள் வந்தாரா?"

"வரலை."

சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரட்டைச் சாவியில் ஒன்று மேனேஜரிடம் இருக்கும். அவரைக் கூப்பிட வேண்டும். அவருக்குப் பதிலாக வழக்கம்போல நான் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது, "அதை நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது, என்ன பண்றது" என்றார்.

நான் எட்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்த சம்பவம் இது. கிழவர் வேடிக்கையாகச் சொன்னார் என்று எழுதியது நான். கேஷியர் தம்மை எண்ணித்தான் அந்த 6ஐப் போட்டார் என்று பத்து நாள் மனம் நொந்துகொண்டிருந்ததும் நான். பேராசிரியர் பிரித்த இரண்டில் எதிலும் அந்தக் கிழவருக்கு இடமில்லை. அவர் எள்ளவும் இல்லை, எள்ளப்பட்டதாக அவருக்குத் தெரிந்ததா என்றும் சொல்ல முடியாது. பேதைமையில் வைக்கலாமோ என்னவோ. வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதப்போவதாகக் கேஷியரிடம் சொன்னேன். "பேர் போடாதே, அவ்வளவுதான்" என்றார். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார்.

தங்கை ஒரு அட்டவணை அனுப்பியிருக்கிறாள். நீக்கப்பட்ட துணுக்குகள் எல்லாவற்றுக்கும் எதிரே ஆய்வேட்டில் காரணம் காட்டியாக வேண்டுமாம். நடிகரின் குரல், சிலேடை, சாதி, கமிட்டியின் ஆட்சேபம் என்று வரிசையாக நிரப்பிவிட்டாள். 23க்கு எதிரே மட்டும் காலி. "நீதானே எடுக்கணும்னு சொன்னே, நீயே எழுது" என்றாள். ஆளுடைய பெயர் வராமல் எழுத வேண்டும். பொய்யும் சொல்லக் கூடாது. இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டு, 'நடந்தது முழுவதும் தெரியாமல் எழுதப்பட்டது' என்று போட்டு அனுப்பினேன். வழிகாட்டி இதைக் காரணமாக ஒப்புக்கொள்ள மாட்டார் என்கிறாள்.